ஒரே கோப்பில் இரண்டு மந்தை

அக்கா காலையில் தொலைபேசியில் வழக்கம்போல அத்தானைப் பற்றிப் புலம்பினாள். விடியும் முன்பே தெற்குத் திடலுக்குக் கிளம்பிவிட்டாராம், வாயில் ஒரு கவளம்கூட வைக்கவில்லையாம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்.

"வடக்குத் திடலுக்கும் தெற்குக்கும் நடுவுல வேலி போட்டு இருபது வருஷமாச்சாம். அந்தப் பக்கத்து மான் இந்தப் பக்கம் வந்ததே இல்லையாம்டி."

பேச்சைப் பாதியில் முறித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக் கணினியைத் திறந்தேன்.

அத்தான் மான் காப்பகத்தின் மருத்துவர். நான் அங்கேயே ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடுகிறவள். வடக்குத் திடலிலிருந்து இருபத்தெட்டு, தெற்கிலிருந்து பத்தொன்பது என்று ரத்த மாதிரிகளின் முடிவுகள் இரண்டு கோப்புகளாக வந்தன. எண்ணிக்கை கூடினால் சோதனை உறுதியாகப் பேசும். அந்தப் பேராசையில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினேன். எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும். அவ்விரண்டும் வேறுபட்டிருக்கும் மான்கள் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு என்று முடிவு வந்தது. சொந்தத்துக்குள்ளேயே இணைகின்றன என்று எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. முதலில் தெற்குத் திடலின் ஆண் மான்கள் ஐந்துக்கும் கருத்தடை, பிறகு வெளியூரிலிருந்து புது ஆண்கள் என்று தீர்மானித்தார்கள். அறுவை இன்றைக்குத்தான்.

கோப்பைப் பிரித்துத் தனித்தனியே சோதனையை ஓட்டினேன். வடக்கில் ஒரு குறையும் இல்லை. தெற்கிலும் இல்லை. இரண்டு வீட்டாரை ஒரே குடும்பமென்று எழுதிவிட்டு, இவர்கள் ஏன் ஒரே அடுப்பில் சமைப்பதில்லை என்று குற்றம் சொல்லியிருக்கிறேன். மண்டு.

அத்தானை அழைத்தேன். கத்தியைக் கையில் எடுத்தால் கைபேசியை அணைத்துவிடுகிற மனுஷர். ஓடினால் திடல் பத்து நிமிடம்தான். எழுந்தேன், கதவு வரை போனேன், திரும்பி வந்தேன். என் பதவி உயர்வுக் கடிதம் இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. எதற்கும் வேறொரு சோதனையும் பார்த்துவிடலாமென்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். அதுவும் அதையே சொன்னது. மூன்றாவதாக ஒன்றை ஓட்டினேன். நகத்தைக் கடித்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி கதவு வரை போனேன். இப்படியே இருபது நிமிடம் தொலைந்தது. பிறகுதான் ஓடினேன், செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக.

கொட்டகையில் அத்தான் மேசைமேல் குனிந்திருந்தார். மேசையில் ஒரு கலைமான் மயங்கிக் கிடந்தது.

"நிறுத்துங்க அத்தான். தப்பு என்னோடது. இதுங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையிலிருந்த நூலைக் கத்தரித்தார். இதோடு நான்கு முடிந்தன, இனி அந்த ஒன்றுதான் பாக்கி என்று மூலைக் கூண்டைக் காட்டினார். அதற்குள் ஒரு இளம் ஆண் மான் கம்பியை முட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"அரை மணி நேரம் முன்னாடி."

அத்தான் கையுறையைக் கழற்றினார். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ ரெண்டுதாம்மா முடிஞ்சிருந்துது."