ஒத்திகை பார்க்காத நோயாளி

"வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?"

"அம்மா, அப்பா, நான் மேடம்."

"அப்புறம் என்ன, உனக்கு ரெண்டு பேஷன்ட் ரெடி."

"ஒருத்தர்தான் மேடம்."

"ஏன், அப்பா வேலைக்குப் போறாரா? பஸ்ஸெல்லாம்தான் நின்னு போச்சே."

"வீட்டுலதான் இருக்கார். என்கூடப் பேச மாட்டார்."

போனில் மேடம், "பேச வேண்டாம்மா, வந்து உக்காந்தாப் போதும். கேட்டுப் பாரு" என்றார்.

"கேக்கறேன் மேடம்."

ஊரடங்கு தொடங்கிய புதிதில் நடந்த பேச்சு அது. கேட்கிறேன் என்று சொன்னவள் மாதக்கணக்கில் கேட்கவில்லை. இப்போது, நாளைக் காலைக்குள் கேட்காவிட்டால் படிப்பில் ஒரு வருடம் போய்விடும் என்ற இடத்தில் வந்து நின்றாள்.

அவள் பிசியோதெரபி கடைசி வருடம். கல்லூரி மூடியதும் மற்ற துறைகள் பாடத்தைப் போனுக்கு மாற்றிக்கொண்டு ஒருவாறு ஓட்டின. இவர்களுக்கு அது கதைக்கு ஆகாது. ஒரு மூட்டு எந்த இடத்தில் இறுகுகிறது என்பதைக் கை சொல்ல வேண்டும். திரையைப் பார்த்துக் கற்க முடியாது. அதனால் துறைத்தலைவி பூட்டிய ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லி, அலமாரி அலமாரியாகத் துழாவி, ஆளுக்கொரு பெட்டி கட்டினார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோணமானி, அளவு நாடா, போனை நிறுத்தி வைக்க ஒரு தாங்கி, ரப்பர் சுத்தியல். எப்போதும் அந்தச் சுத்தியலும் கையுமாகவே திரிவதால் மாணவர்களுக்கு அவர் 'சுத்தியல் மேடம்'. பெட்டிகள் தபாலில் வீடு வந்து சேர்ந்தன. நெட் கிடைக்காதவர்களுக்குப் பாடங்களைப் பென் டிரைவில் போட்டு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார இடமில்லாதவர்களுக்காக விடுதியில் ஒரு மாடியை மட்டும் திறந்து வைத்தார்கள். ஒவ்வொரு ஆசிரியரும் தன் பங்கு மாணவர்களை வாரம் தவறாமல் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. செய்முறைத் தேர்வையும் விடவில்லை. வீட்டில் இருக்கும் ஒருவர்தான் நோயாளி. மேடமும் வெளியிலிருந்து வரும் ஒரு தேர்வாளரும் வீடியோவில் பார்ப்பார்கள்.

அவளுக்கு வாய்த்த நோயாளி அம்மா. முழங்கால் வலிக்காரி. நோயாளி என்றால் நோயாளி, அப்படியொரு நோயாளி.

இங்கேதான் வினை வந்தது. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மகளின் வகுப்புகள் அம்மா காதில் விழுந்துகொண்டே இருந்தன. தேர்வு அன்று அவள் கேள்வியை ஆரம்பிப்பதற்குள் அம்மா கடகடவென்று கொட்டிவிட்டாள்.

"வலி உள்பக்கம்தான் சார். படி இறங்கும்போது ஜாஸ்தி, ஏறும்போது கம்மி. காலையில கொஞ்ச நேரம் விறைப்பு. வீக்கம் இல்ல, சூடு இல்ல, கீழே விழுந்ததும் இல்ல."

"அம்மா, நான் கேட்ட பிறகு சொல்லும்மா."

"கேக்கத்தானே போறே?"

அதோடு விட்டாளா? ஒரு சோதனையை அவள் மறந்து அடுத்ததற்குத் தாவியபோது, அம்மா தானாகவே காலை மடக்கி நீட்டி, "இது விட்டுப் போச்சு" என்று கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு மைக்கில் கணீரென்று கேட்டது.

வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேஷன்ட்டுக்கு முழு மார்க் போட்டுடலாம். மாணவிக்கு எதைப் பாத்துப் போடறது?"

அன்று சாயங்காலம் சுத்தியல் மேடம் கூப்பிட்டார்.

"உன்னை ஃபெயில் ஆக்கலை. காலேஜ் திறந்ததும் அடுத்த பேட்ச்கூட எழுதலாம். அதுக்கு வழி இருக்கு."

"அதுன்னா ஒரு வருஷம் போயிடும் மேடம்."

"போகும். இல்லேன்னா இந்த வாரமே இன்னொரு தடவை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். வெளித் தேர்வாளர் சம்மதிச்சுட்டார். ஆனா ஒத்திகை பாக்காத ஆளா இருக்கணுமாம். உன் பாடத்தைக் காதுல வாங்காத ஆள்."

அந்த வீட்டில் அவளுடைய எதையும் காதில் வாங்காத ஆள் ஒருவர்தான்.

"இந்த வாரமே வைங்க மேடம்" என்றாள்.

அப்பா பஸ் டிரைவர். மகளை உள்ளூர் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்டு, தினமும் தன் வண்டியிலேயே கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியூரில் பிசியோதெரபிக்கு இடம் வாங்கினாள். சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தாள். சமயம் வருவதற்குள், அவளைக் கல்லூரியில் சேரப் போன பஸ்ஸில் பார்த்து விஷயத்தைக் கேட்டறிந்த கண்டக்டர், டிப்போவில் எல்லார் முன்னாலும் அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார். கோபம் படிப்பின் மேல் இல்லை. தன் வீட்டுச் சேதியைத் தானே கடைசியாகக் கேட்டுக்கொண்டு அசடு வழிந்து நின்றதில்தான். அன்றிலிருந்து பேச்சு நின்றுபோனது.

விடுமுறைக்கு வந்து போனவரை அது பெரிதாக உறுத்தவில்லை. ஊரடங்கில் மூன்று பேரும் இரண்டு அறைக்குள் அடைபட்ட பிறகு கூத்தாகிவிட்டது. "ஃபேனைக் குறைக்கச் சொல்லு" என்பார் அம்மாவிடம். "வேர்க்குதுன்னு சொல்லும்மா" என்பாள் இவள். ஃபேன் சுவிட்ச் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கும்.

பேச்சுதான் இல்லையே தவிர, அவள் கண் படித்த கண். வந்த சில நாட்களிலேயே கவனித்துவிட்டாள். அப்பா சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்துவிட்டுத்தான் இடது கைக்கு வருகிறார். மேல் தட்டில் இருக்கும் டம்ளரை எடுக்க உடம்பையே திருப்புகிறார். வலப்பக்கம் படுப்பதே இல்லை. 'அப்பா, அந்தத் தோளைக் காட்டுங்க' என்று எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. வந்த வழியே திரும்பியும் போனது.

இன்று துணி காயப் போடும்போது அம்மாவைப் பிடித்தாள்.

"அப்பாவுக்குத் தோள்ல என்ன?"

"எனக்கென்ன தெரியும்?" அம்மா ஒரு தலையணை உறையை வேண்டாத அளவுக்கு உதறினாள்.

"அம்மா."

"பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே இருக்குடி. டிப்போவுல தெரிஞ்சா வண்டியிலருந்து இறக்கிடுவாங்கன்னு பயம். டாக்டர்கிட்டயும் போக மாட்டேங்கறார். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எனக்கு ஆணை."

"நான் இதைத்தானேம்மா படிக்கிறேன்?"

"அதுவும் தெரியும் அந்த மனுஷனுக்கு. நீ வகுப்புல இருக்கறப்போ கதவுகிட்ட வந்து வந்து நிப்பார். நான் பாத்துட்டா, 'ரிமோட் எங்கே'ன்னு கேட்டுட்டுப் போயிடுவார். ரிமோட்டைக் கையிலதான் வச்சிருப்பார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நீ கேட்டுச் சொல்லும்மா, நாளைக்கு வந்து உக்காரச் சொல்லி."

"நான் என்ன தபால்காரியா?" அம்மா கிளிப்பை நறுக்கென்று கொடியில் மாட்டினாள். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடி ஓடித்தான் எனக்கு முழங்காலே போச்சு. இனிமே ஒரு வார்த்தை கொண்டுபோக மாட்டேன். வேணும்னா நீ கேளு. இல்லேன்னா ஒரு வருஷத்தை விடு."

ஒரு வருஷத்தை விடுவதா? இந்தப் பெட்டியைக் கட்டி அனுப்பியவருக்கும், வாராவாரம் கூப்பிட்டுப் பேசியவருக்கும் என்ன பதில் சொல்வது? அப்பாவிடம் அடம் பிடித்துப் போன படிப்பை, அப்பாவிடம் ஒரு வாய் கேட்கப் பயந்து நிறுத்தினாள் என்று ஆகிவிடாதா? அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள்.

அப்பா டிவியில் பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய் டிவியை மறைத்து நின்றாள்.

"அப்பா."

அவர் அவளைத் தாண்டித் திரையைப் பார்க்க முயன்றார்.

"நாளைக்குக் காலையில எனக்குப் பரீட்சை. பேஷன்ட் வேணும். நீங்க வந்து உக்காரணும். பேச வேண்டாம்."

கொடிப் பக்கம் அம்மா துணி உதறும் சத்தம் நின்றது. அப்பா அந்தப் பக்கம் திரும்பி, "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லு" என்றார்.

"தபால் ஆபீஸ் மூடியாச்சு!" என்று பதில் வந்தது.

அப்பாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. ரிமோட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சரி என்று ஒரே ஒரு முறை தலையை ஆட்டினார்.

காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டிப்போ மருத்துவப் பரிசோதனைக்குப் போவதுபோல விறைப்பாக வந்து உட்கார்ந்தார். அம்மாவை அறைக்கு வெளியே உட்கார வைத்தார்கள். தேர்வாளரின் கண்டிப்பான நிபந்தனை. போன் தாங்கியில் நின்றது. திரையில் மேடமும் தேர்வாளரும்.

"இவர் யாரும்மா?"

"எங்க அப்பா சார்."

"பாடம் ஏதாவது தெரியுமா இவருக்கு?"

"நான் என்ன படிக்கிறேன்னே இவருக்குக் கடைசியாத்தான் சார் தெரியும்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பாவின் மீசை லேசாக அசைந்தது.

"வலி இருக்கா?" என்று ஆரம்பித்தாள்.

தலையை இல்லை என்று ஆட்டினார்.

"வலது கையைப் பக்கவாட்டுல தூக்குங்க."

தூக்கினார். கை நன்றாகவே மேலே போனது. திரையில் தேர்வாளர் குனிந்து ஏதோ எழுதுவது தெரிந்தது. ஒரு குறையும் இல்லாத நோயாளி. அப்படியே விட்டால் தேர்வும் போகும், தோளும் போகும்.

அவள் அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். இடப்பக்கம் சாய்ந்திருந்தது. உடம்பைச் சாய்த்துத் தோளையும் தூக்கிக்கொண்டு கையைக் கடத்தி மேலே அனுப்புகிறார். வருடாவருடம் டிப்போ டாக்டரை ஏமாற்றப் பழகிய வித்தை அல்ல இது. வலிக்குப் பயந்து உடம்பே கண்டுபிடித்தது.

பின்னால் போய் நின்றாள். இடது கையால் அவருடைய தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடித்தாள். அப்பாவைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று! எலும்பு முன்பைவிடத் துருத்திக்கொண்டிருந்தது.

"இப்போ தூக்குங்க. சாயாம."

கை தோள் உயரம்கூட வரவில்லை. நின்றுவிட்டது.

"சாயாதீங்கப்பா. நிமிர்ந்து."

அவர் பல்லைக் கடித்தார். அவள் முன்னால் வந்து, முழங்கையை அவர் விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாள். அவராகத் திருப்பினாலும் நின்றது. அவள் மெல்லத் திருப்பினாலும் அதே இடத்தில், சாத்திய கதவுபோல நின்றது. கோணமானியை வைத்து அளந்து, அளவை உரக்கச் சொன்னாள்.

"முடிவு?" என்றார் தேர்வாளர்.

"உறைந்த தோள் சார். மூட்டைச் சுத்தி இருக்கிற உறை இறுகிப் போயிருக்கு. தானா அசைச்சாலும் மத்தவங்க அசைச்சாலும் ஒரே இடத்துல நிக்குது. வெளிப்பக்கம் திருப்பறதுதான் ரொம்பக் குறைஞ்சிருக்கு. எலும்புல வேற ஏதும் இல்லைன்னு உறுதி பண்ண ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன்."

"சரியாகுமா?"

"ஆகும் சார். நாளாகும். தினமும் பயிற்சி செஞ்சா வண்டி ஓட்டலாம்."

அப்பா சட்டென்று போனைப் பார்த்தார். பதறிவிட்டது அவர் முகம். "சார், இது டிப்போவுக்கு..."

"எங்கேயும் போகாது அய்யா," என்றார் மேடம். "இது பரீட்சை. இந்த நாலு பேரோட சரி."

வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "பிடிச்சுட்டியேம்மா. சாயறதை நானே முதல்ல கவனிக்கலை. பாஸ், போ. ஆனா இன்னும் ஒண்ணு பாக்கி. சிகிச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேஷன்ட்கிட்ட என்ன கேக்கணும்?"

அவளுக்குத் தெரியும். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்தது. அப்பாவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய வலது கை இன்னும் அவள் கையில்தான் இருந்தது, இருவருமே எடுக்கவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும்? இந்த வைத்தியத்துல நீங்க எதிர்பார்க்கறது என்ன?"

வழக்கம்போல அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். அங்கே அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள். திரையில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவர் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் படிக்கப் போனதிலிருந்து பார்க்காத பார்வை.

"ராத்திரியில வலி தாங்கலை கண்ணு," என்றார். "வேற யார்கிட்டயும் காட்ட மாட்டேன். நீயே பாத்து இதைச் சரி பண்ணிக் குடு."