வாரம் ஒரு பழக்கம்

குடிக்காத மாப்பிள்ளை கிடைத்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. என் தங்கை மலருக்கு ரூபேந்திரன் அமைந்தபோது, எங்கள் அம்மா எங்கள் ஊர் லாபிஸ் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். குடி இல்லை, சிகரெட் இல்லை, குரலை உயர்த்திப் பேசுவதே இல்லை. என் வீட்டுக்காரர் விஜயனோ ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸ்டவுட் பீர் உள்ளே போனால் ரேடியோவோடு போட்டி போட்டுப் பாடுகிற ஆள். அதனால் வீட்டில் எந்தப் பேச்சு தொடங்கினாலும் "ரூபேனைப் பாரு" என்றுதான் முடியும்.

கல்யாணமாகி அவர்கள் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வரிசை வீட்டில் இருந்தார்கள். அவனுக்கு ஒரு கம்பெனியில் கணினி வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே செய்வான். மலர் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் சூப்பர்வைசர். மோட்டார் சைக்கிளில் பறப்பாள். வாய் ஓயாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை லாபிஸ் வந்தால் என் வீடு இரண்டு படும்.

வருடப் பிறப்பன்று ரூபேந்திரன் பேஸ்புக்கில் ஒரு சவால் ஆரம்பித்தான். பூமிக்காக வாரம் ஒரு நல்ல பழக்கம். முதல் வாரம் பிளாஸ்டிக் பை வேண்டாம். மலர் துணிப்பையோடு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். எல்லாரும் லைக் போட்டோம். நான் பொய் சொல்லமாட்டேன், எனக்கும் பிடித்திருந்தது. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவள் நான். அவனைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் ஸ்ட்ரோ கொடுப்பதை நிறுத்தினேன். இன்றைக்கும் கொடுப்பதில்லை. அதில் ஒரு குற்றமும் இல்லை.

பிறகு ஒரு வாரம் ஏர்கானைக் கழற்றினான். ஒரு வாரம் வாஷிங் மெஷினை விற்றான். கையால் துவைத்தால் மின்சாரம் மிச்சம் என்று எழுதினான். படத்தில் துவைத்துக்கொண்டிருந்தது மலர்தான். அடுத்து மோட்டார் சைக்கிள் போனது. பெட்ரோல் புகை. மோட்டார் சைக்கிள் இல்லாமல் பேக்டரிக்கு எப்படிப் போவது? வேலை போனது. சம்பளம் வந்தால் வேண்டாத சாமான் வாங்கத் தோன்றும், ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும் என்று எழுதினான். நூறு பேர் கைதட்டினார்கள்.

"என்னம்மா இது, நல்லா வேலைக்குப் போன பிள்ளை?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தக் காலத்துல நாங்க எல்லாம் இப்படித்தாண்டி இருந்தோம். எஸ்டேட்டுல ஏது மெஷினு?" என்றாள் அம்மா. "அவன் தங்கமான பையன். உனக்கு ஏன் வயிறெரியுது?"

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அதனால் என் கோபத்துக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை.

அப்புறம் மலரின் தாலிச் சங்கிலி. தங்கம் தோண்டுவதால் மண் விஷமாகிறதாம். கழற்றி விற்றுவிட்டு மஞ்சள் கயிறு கட்டிவிட்டான். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் விட்டாள். லட்சுமி மாதிரி இருக்கிறாளாம். நான் பார்த்தது வேறு. கயிற்றுக்குக் கீழே கழுத்தெலும்பு தெரிந்தது. சிரிப்பு மட்டும் முதல் வாரத்தில் சிரித்த அதே அளவில் இருந்தது.

அடுத்த வாரம் போன். ஒரு வீட்டுக்கு ஒரு போன் போதும். அதற்குப் பிறகு தங்கையோடு பேச வேண்டுமானால் அவனைத்தான் கூப்பிட வேண்டும். அவன் ஸ்பீக்கரில் போடுவான். "நல்லா இருக்கேன்க்கா" என்பாள் மலர். "நல்லா இருக்கா அக்கா" என்பான் அவன். அதோடு சரி. மணிக்கணக்கில் கதை அடித்தவள், பரீட்சையில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரிப் பேசினாள்.

நான் வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் ஏதாவது காரணம் வரும். விருந்தாளி வந்தால் குப்பை வரும் அக்கா, இந்த மாதம் வேண்டாமே என்பான். அவ்வளவு பணிவாகச் சொல்வான், திட்டவும் முடியாது.

போன செவ்வாய்க்கிழமை கேண்டீனில் மீ நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தபோது அவன் புதுப் பதிவு வந்தது. கரண்டியைப் பிடித்தபடியே படித்தேன். ஒரு மனிதன் பூமிக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி பிள்ளை பெறாமல் இருப்பதாம். வெள்ளிக்கிழமை மலருக்குக் கருத்தடை ஆபரேஷன், அவளே விரும்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தான். கீழே கமெண்டில் பூங்கொத்துகள். யாரோ ஒருவர் 'தியாகி' என்று போட்டிருந்தார்.

பிள்ளை வேண்டும் என்று போன வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவள் என் தங்கை. கால் கொப்பளித்து என் மடியில் கிடந்தவள். அவளா விரும்பிக் கையெழுத்துப் போட்டாள்? அடப் பாவி! மீயை அப்படியே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தேன். விஜயனைக் கூப்பிட்டு, "நான் ஜேபிக்கு, மலர் வீட்டுக்குப் போறேன். மலரைக் கூட்டிட்டுத்தான் வருவேன்" என்றேன்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவன்கிட்ட என்ன கேக்கறது? வைங்க போனை."

அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு சத்தம் இருந்தது. டிவி, குக்கர், பிள்ளை அழுகை. அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. வாசலில் செடிகள் அழகாக வளர்ந்திருந்தன. கேட்டில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்கியது. காரை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, இறங்கி ஓடிப்போய் கேட்டை ஆட்டினேன். "மலரு! ஏய் மலரு!"

கதவு மெல்லத் திறந்தது. முதலில் எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. என் தங்கையை எனக்கே தெரியவில்லை! படங்களில் தெரிந்ததைவிடப் பாதியாக இருந்தாள். கேட் அருகில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கைகள் தோல் உரிந்து கிடந்தன.

"ஏன்க்கா கார்ல வந்த? பஸ் இருக்குல்ல?" என்றாள்.

"சாவி எங்கடி?"

"அவர்கிட்ட. நான் வெளிய போனா எதையாவது வாங்கிட்டு வந்துடறேன்ல, அதான். அவரு இப்ப வந்துடுவாரு."

"ஆபரேஷனுக்கு நீயா சரின்னு சொன்ன?"

திரும்பி வீட்டைப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து சொன்னாள்.

"நான் முழுகாம இருக்கேன்க்கா. ரெண்டு மாசம். அவர்கிட்ட சொல்லல. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில தெரிஞ்சுடும். தெரிஞ்சா பிள்ளை வேணாம்னுடுவாரு."

சந்தோஷப்பட வேண்டிய செய்தியை இப்படியா ஒருத்தி கேட் கம்பிக்குப் பின்னால் நின்று சொல்லுவாள்?

பக்கத்து வீட்டு ருமானா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். முன்பு ஒருமுறை அவளோடு பேசியிருக்கிறேன், நல்ல பெண். "சுத்தியல் இருந்தா குடும்மா, பூட்டை உடைக்கணும்" என்றேன்.

"ஐயோ, வேணாம்க்கா. ரூபேன் அண்ணன் ரொம்ப நல்லவருலா. எங்க தாமான் குடியிருப்புக்கே அவராலதான் பசுமைப் பரிசு கிடைச்சது" என்றாள். "அவரு சத்தம் போட்டு ஒரு நாளும் நாங்க கேட்டதில்ல."

"சத்தம் போடாதவன் எல்லாம் நல்லவனாம்மா?" என்று கத்தினேன். அவள் பயந்து ஒரு அடி பின்னால் போனாள்.

அப்போது அவன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, வியர்வைகூட இல்லை. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை.

"வாங்கக்கா. முதல்ல எஞ்சினை அணைங்க, சும்மா புகை வருது" என்றான்.

"கேட்டைத் திறடா!"

திறந்தான். அவ்வளவு சுலபமாகத் திறந்தான். "நான் யாரையும் அடைச்சு வைக்கலக்கா. திருட்டுப் பயம், அதான் பூட்டு" என்று ருமானாவுக்கும் கேட்கும்படி சொன்னான். பிறகு மலரிடம் திரும்பி, "அக்காகூடப் போகணுமா மலர்? போயிட்டு வா. வெள்ளிக்கிழமையை மட்டும் மறந்துடாதே" என்றான்.

மலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள். துணிமணி ஒன்றும் எடுக்கவில்லை. நான் ஓட்டுநர் பக்கம் ஏறப் போகும்போது அவன் கிட்டே வந்தான்.

"கூட்டிட்டுப் போங்க. அவளே வந்துடுவா" என்றான் தாழ்ந்த குரலில். "பழக்கம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுக்கா."

அவன் என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். அதோடு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன், அங்கே காட்ட எனக்கு ஒரு கன்னமாவது இருந்திருக்கும். அவன் சிரித்தான். செடியில் ஒட்டியிருந்த காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டே உள்ளே போனான்.

நெடுஞ்சாலை ஏறும்வரை நான் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். யாரும் பின்னால் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. அதை மறக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். லாபிஸ் போனதும் கிளினிக், அப்புறம் ஒரு போலீஸ் ரிப்போர்ட், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளை பிறந்தால் என் வீட்டு முன்னறையில் தொட்டில், விஜயன் மாமா பாடிப் பாடியே அதைத் தூங்கவிடமாட்டார். எல்லாவற்றுக்கும் மலர் "சரிக்கா" என்றாள். சீட்டில் சாய்ந்து உட்காரவில்லை. வழியில் வாங்கிக் கொடுத்த கறிபப் பலகாரத்தைப் பாதி தின்றுவிட்டு மீதியை மடியில் வைத்துக்கொண்டாள்.

குளுவாங் தாண்டியதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்பாடா, கூட்டி வந்துவிட்டேன் என்று நினைத்தேன். என் தங்கையை மீட்டுவிட்டேன்.

"அக்கா" என்றாள் மலர். காரில் ஏறிய பிறகு அவளாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லுடி கண்ணு."

"வீட்டுல எனக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி தண்ணிக்கா. குளிக்க, துணி அலச எல்லாத்துக்கும் அதுதான். பிள்ளை பொறந்தா அதுக்குன்னு தனியா ஒரு வாளி கேட்டா தருவாரா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் இல்லை. விளையாட்டும் இல்லை. சந்தையில் காய் விலை கேட்கிறவள் போல் என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"நாம அங்க திரும்பிப் போகப் போறதே இல்லடி" என்றேன்.

"சரிக்கா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வாளி கேட்டா கோவிச்சுக்குவாரு. சின்னப் பிள்ளைதானே, அரை வாளி போதும்னு சொல்லிப் பார்க்கறேன்" என்றாள்.

காரை ஓரம் கட்டினேன். லாரிகள் காரை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். தோல் உரிந்த அந்தக் கையால் மலர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதக்கா" என்றாள். "நல்லவருதான். நான் கேட்டா தருவாரு."