வெள்ளைப் பொட்டு விழும் லென்ஸ்

சண்டை மறுபடி தொடங்கிய பிறகு பாக்கியரத்தினத்தின் ஸ்ரூடியோவுக்குக் கலியாணப் படம் எடுக்க ஆரும் வரவில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்களால்தான் கடை திறந்து கிடந்தது. தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, பிரேதப் பரிசோதனை செய்யும் டொக்டர் கனகசுந்தரம் நேரே உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"குச்சவெளிப் பக்கம் ஒரு சவம் ஒதுங்கியிருக்கு. தோல் முழுக்கக் கறுத்துப்போச்சு, முகத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. வலக்கையில பச்சை குத்தியிருக்கு போல கிடக்கு, ஆனால் கண்ணுக்குப் பிடிபடேல்லை. உங்களிட்ட அந்த இன்ப்றாறெட் பிலிம் இருக்கெண்டு கேள்விப்பட்டனான்."

இருந்தது. ஒரே ஒரு சுருள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கிற பிலிம் அது. கொழும்புப் பாதை ஒழுங்காக இருந்த காலத்தில் வாங்கிவந்து, கடற்கரை மரங்களை எடுத்துப் பார்ப்பார். பச்சை இலையெல்லாம் பஞ்சு போல வெள்ளையாக விழும். அந்த ஒளி கறுத்த தோலுக்குள்ளும் கொஞ்சம் இறங்கும், அடியில் மை இருந்தால் காட்டிக்கொடுக்கும் என்று அவரும் வாசித்திருந்தார்.

"எடுக்கலாம் டொக்டர். வருமெண்டு சொல்லமாட்டன்."

டொக்டர் எழும்பிப் போனார். கூட வந்திருந்த பெண் போகாமல் வாசலிலேயே நின்றாள். உப்புவெளி குணேஸ்வரி. அவளுடைய புருஷன் தவராசாவை முந்தின வருஷம் ஆவணியில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்காத ஆமி முகாம் வாசல் இல்லை. தவராசாவின் வலக்கையில் வேல் ஒன்று பச்சை குத்தியிருந்தது.

அவளை உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டு, பாக்கியரத்தினம் அலுமாரியிலிருந்த லென்ஸ்களை மேசையில் எடுத்து வைத்தார். கிட்ட வைத்து எடுக்க இரண்டுதான் தோதுப்படும். ஒன்று புதியது, விலை கூடியது, சாதாரணப் பிலிமில் மயிரிழையும் தப்பாது. மற்றது வளையம் பூட்டித்தான் கிட்டப் போகவேண்டிய பழைய ஜெர்மன் லென்ஸ்.

"புதுசால எடுங்கோவன் அண்ணை," என்றாள் குணேஸ்வரி.

அவர் ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டினார். வெள்ளை மரங்கள், கறுத்த வானம், நட்ட நடுவில் புகை போல ஒரு வெள்ளைப் பொட்டு.

"அந்த லென்ஸ் இந்தப் பிலிமுக்குச் சரிவராது தங்கச்சி. உள்ளுக்குள்ள ஒளி தெறிச்சு நடுவில இப்பிடி விழும். பழசில அது இல்லை. லென்ஸுக்கு முன்னால கறுத்த சிவப்புக் கண்ணாடி போட்டால் ஒண்டும் தெரியாது, அதால முதல்ல கூர்மை பாத்துப்போட்டு, கண்ணாடியைப் போட்டு, லென்ஸில இருக்கிற இந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கூர்மை வளையத்தைத் திருப்பவேணும். அந்த ஒளி வேற இடத்திலதான் குவியும்."

அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டு விழுந்தால் பச்சை தெரியாது, என்ன?"

"தெரியாது."

"அப்ப அந்தப் புதுசாலயே எடுங்கோ."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அவர்தானெண்டு நான் சொல்லுவன். இல்லையெண்டு காட்ட ஒண்டும் இருக்காது. கொண்டுபோய் எரிச்சுப்போட்டு இருந்திடுவன். இனியும் தேட எனக்கு ஏலாது அண்ணை."

"அது வேற ஆரோவெண்டால்?"

"ஆரெண்டாலும் எரிக்கத்தானே வேணும்."

பாக்கியரத்தினம் பழைய படத்தைத் திரும்ப உறைக்குள் வைத்தார். அவள் போன பிறகு இருட்டறைக்குள் இருந்து, ஒரு சொட்டு வெளிச்சமும் இல்லாமல், கை தடவிப் பிலிமைக் கமராவில் ஏற்றினார். புறப்படும்போது இரண்டு லென்ஸையும் பையில் போட்டார். எதைப் போடுவது என்று அவருக்கே தெரியவில்லை.

பிரேத அறையில் டொக்டர் கையை நேராக்கி வைத்திருந்தார். பாக்கியரத்தினம் கமரா முக்காலியை நிறுத்திப் பையைத் திறந்தார். புதிய லென்ஸைத்தான் முதலில் எடுத்தார். அது கையில் இருக்கும்போதுதான் இந்தக் கையைத் தேடியும் எங்கோ ஒருத்தி முகாம் வாசலில் நிற்பாள் என்ற எண்ணம் வந்தது. அதைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். பழையதைப் பூட்டி, சிவப்புக் கோட்டுக்குத் திருப்பி, பிலிம் முடியும்வரை எடுத்தார்.

பின்னேரம் கழுவிப் பார்த்தபோது பிலிமின் பாதி மங்கிப்போயிருந்தது. கரண்ட் நின்று நின்று, பிலிம் வைத்திருந்த குளிர்ப்பெட்டியில் சூடு பிடித்திருக்கவேண்டும். ஆனால் இரண்டு படம் தெளிவாக விழுந்திருந்தன. நரைத்த தோலில் ஒரு நங்கூரம். அதன் கீழே இரண்டு எழுத்து: றாணி.

அடுத்த நாள் வந்த குணேஸ்வரி படத்தைக் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்தாள். அழவில்லை.

"வடிவாத்தான் எடுத்திருக்கிறியள்," என்றாள்.

"மன்னிச்சுக்கொள் தங்கச்சி."

"இனி நான் எங்க போறது?"

படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

டொக்டர் அந்தப் படத்தோடு பொலிசுக்கு எழுதினார். கோயில்களிலும் அகதி முகாம்களிலும் கேட்டுப் பார்த்தார்கள். றாணி என்று ஒருத்தியும் வரவில்லை. வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனாளோ, உயிரோடுதான் இருந்தாளோ, ஆருக்குத் தெரியும்? நாள் கடந்ததும் ஆரும் உரிமை கோராத சவமென்று பொதுச் செலவில் புதைத்தார்கள். பாக்கியரத்தினம் போயிருந்தார். குழி வெட்டியவர்களைத் தவிர அங்கே வேறு ஒருவரும் இல்லை.

குணேஸ்வரியைப் பிறகு ஒருமுறை கண்டார். ஆமி முகாம் வாசல் வரிசையில், வெயிலுக்குச் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டு நின்றாள். அவர் சைக்கிளை மெதுவாக்கினார். அவள் அவரைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பங்குனியில் டொக்டர் மறுபடியும் ஆளனுப்பினார். இன்னும் மூன்று சவம் வந்திருக்கிறதாம், ஒருக்கா வரட்டாம்.

"பிலிம் இல்லையெண்டு சொல்லுங்கோ," என்றார் பாக்கியரத்தினம்.

இருந்த ஒரே சுருள் முடிந்துபோனது உண்மைதான்; ஆனால் இன்னொன்று இருந்தால் போயிருப்பேனா என்ற கேள்வியோடு, வந்தவர் போன பிறகும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.