சாம்பியன் நின்ற விதம்

டெனிஸ் போரில் செத்துவிட்டான் என்று செய்தி வந்து ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. உடல் பிரான்சில் எங்கோ மண்ணுக்குள். லிமரிக் நகரில், சந்துக் கோடியில் இருந்த வீட்டில், உடலைக் கிடத்த வேண்டிய மேஜையில் தங்கை டீலியா அவனுடைய குத்துச்சண்டைக் கையுறைகளை வைத்தாள். இழவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியை மூடி, கடிகாரத்தை நிறுத்தி, வருகிறவர்களுக்கு ஒரு தட்டில் புகையிலையும் வைத்தாயிற்று.

டெனிஸ் அயர்லாந்தின் சாம்பியன். கடைசி இரண்டு வருடங்களாகத் தலையை இடப்பக்கம் திருப்பி வைத்துத்தான் சண்டை போட்டான். சந்துப் பையன்கள் எல்லோரும் அதைப் பழகிக்கொண்டார்கள். இப்போது கதவோரம் தம்பி ஜேம்ஸியும் அப்படித்தான் நின்றான். சனிக்கிழமை பட்டாளத்தில் சேரப் போகிறானாம். டீலியா கெஞ்சியும் பார்த்துவிட்டாள், திட்டியும் பார்த்துவிட்டாள்.

அவனை நிறுத்த அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. ஆனால் அதை வெளியே விடமாட்டேன் என்று அம்மாவின் ஜெபமாலையைத் தொட்டு டெனிஸுக்குச் சத்தியம் செய்திருந்தாள். அவளைத் தவிர அது தெரிந்தவர் பயிற்சியாளர் ஷீஹி ஒருவர்தான்.

அந்த ஷீஹி உள்ளே வந்தார். கூடவே ஆள் சேர்க்கும் சார்ஜென்ட்.

"ஷீஹி வந்தாச்சு. புகையிலத் தட்ட எடுத்து ஒளிச்சு வைங்கடி" என்றாள் பக்கத்து வீட்டு ஹோகன் அம்மா. நாலு பேர் சிரித்தார்கள். டீலியா சிரிக்கவில்லை. பன்றிக்கறி ஆலையில் நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிற கை அவளுடையது. அது கெட்டிலின் காதை இறுக்கிப் பிடித்தது.

சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். எறிகுண்டு இடப்பக்கம் வந்து விழுந்ததாம். மற்றவர்கள் பாய்ந்து குப்புறப் படுத்துவிட்டார்களாம்.

"உங்கண்ணன் மட்டும் நின்னான்மா. கோதாவுல நிக்கிற மாதிரி. ஒரு அடி அசையல."

ஜேம்ஸியின் நெஞ்சு நிமிர்ந்தது. "நானும் அப்பிடித்தான் நிப்பேன்" என்றான்.

ஷீஹி மேஜையிடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கையுறையக் குடு புள்ள. சனிக்கிழம சந்தையில தொங்க விடுவோம். பசங்க ஓடி வந்து சேருவானுங்க. அவனுக்கும் பெருமதான."

டீலியா கெட்டிலை இறக்கி வைத்தாள்.

"பட்டாளத்து டாக்டர்கிட்ட அவனக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"அந்த டாக்டர் ரூமு செவுத்துல தொங்குற எழுத்தையெல்லாம் முன்னாடியே மனப்பாடம் பண்ண வச்சது யாரு?"

"டீலியா. சத்தியம் பண்ணிருக்க." ஷீஹியின் குரல் தாழ்ந்தது. "அவன் பேரு போயிரும்."

"அவனே போயிட்டான்."

டீலியா கதவருகே போய் ஜேம்ஸியின் தாடையைப் பிடித்தாள். வலிக்க வலிக்க அவன் தலையை நேராகத் திருப்பினாள்.

"நேரா நில்லுடா. அவன் தைரியத்துல நிக்கல. குண்டு வந்ததையே அவன் பாக்கல. ரெண்டு வருஷமா அவனுக்கு இடது கண்ணு தெரியாது."