திண்டிவனத்தில் எழுப்பவும்

ஆக்டிங் டிரைவர் என்றால் சினிமாவில் டிரைவராக நடிப்பவன் என்று என் மாமனார் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். நான் மறுத்துச் சொல்வதில்லை. கிடைக்கிற மரியாதையை எதற்குக் கெடுத்துக்கொள்வது? உண்மையில் வேலை இவ்வளவுதான். கார் வைத்திருப்பவரால் அன்றைக்கு ஓட்ட முடியாது, அல்லது அவர் ஓட்டுகிற நிலையில் இல்லை. அவர் ஏஜென்சிக்கு போன் போடுவார், ஏஜென்சி என்னை அனுப்பும், ஒரு நாளைக்கு அவர் காருக்கு நான் டிரைவர். வடபழனிக்குக் கல்யாண கோஷ்டியை ஏற்றிப் போயிருக்கிறேன். தேனாம்பேட்டை ஓட்டல்களில் இருந்து மப்பில் தள்ளாடும் கனவான்களை அள்ளிப்போட்டு அவர்கள் மனைவிமாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் கையில் கிடைத்ததெல்லாம் நான்கு கதவு வண்டிகள், டேஷ்போர்டில் பிள்ளையார், பின்சீட்டில் யாராவது வாந்தி.

அதனால், ஏஜென்சியில் இருந்து டயானா போன் செய்தபோது எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

"சேட்டு, நாளைக்கு ஸ்ரீரங்கம் போய்ட்டு வரணும். மைலாப்பூர் பார்ட்டி. ரெண்டே சீட்டு, மேல தொறந்து மூடுற வண்டி. ஸ்போர்ட்ஸ் காரு."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுந்தான். ஆனா ஒரு கண்டிசன் கீது. அந்தம்மா ஸ்டீயரிங்கத் தொடவே கூடாதாம். அவங்க புள்ள மெல்போர்ன்ல கீறாரு, நம்ப கூலிய கட்றது அவருதான். வண்டிய நீதான் ஓட்டணும்."

"அது கண்டிசன் இல்ல டயானா, வரம்," என்றேன்.

விடிவதற்கு முன்னாலேயே பெரும்பாக்கத்தில் பஸ் பிடித்தேன். முன்பெல்லாம் அடையாற்றங்கரையில் இருந்து மைலாப்பூருக்கு நடந்தே போய்விடுவேன். இப்போது குடிசையை இடித்து எங்களை எட்டாவது மாடிக்கு உயர்த்தி ஊரைவிட்டுத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது என் கால் தானாகவே கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தது. அந்த வண்டியை ஒரே ஒரு தடவை, காலி ரோட்டில், முழுசாக ஓட்டிவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

மந்தைவெளிப் பக்கம் ஒரு பழைய அபார்ட்மெண்ட் வாசலில் வண்டி நின்றது. எலுமிச்சம்பழ மஞ்சள். முழங்கால் உயரம். பக்கத்தில் சூடாமணி மாமி, சுடிதாரும் ஓட்டப்பந்தய ஷூவுமாக, விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றாள். நந்தனத்தில் இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவள். அறுபதைத் தாண்டியிருப்பாள்.

"சேட்டுவா? வா. இடது பக்கம் ஏறிக்கோ."

"மாமி, டிரைவர் நான்."

"தெரியும். நீ வாசலுக்கு வந்ததை போட்டோ எடுத்து எம்புள்ளைக்கு அனுப்பியாச்சு. அவன் திருப்தியாயிட்டான். உன் வேலை பாதி முடிஞ்சுது. ஏறு."

பந்தியில் உட்காருவது போல மடங்கிக் கீழே இறங்கி உட்கார்ந்தேன். இரண்டாவது மாடி பால்கனியில் இருந்து மாமா பேப்பரை ஆட்டி டாட்டா காட்டினார்.

"மாமா வரலியா?"

"அவருக்கு முட்டி மடங்காது. கடையில இந்த வண்டியைப் பாத்ததுமே எனக்குப் பிடிச்சுப் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்."

மாமிக்கு ஓட்டத் தெரியாது, இரண்டு தெரு தாண்டுவதற்குள் எங்கேயாவது இடித்துவிட்டு என்னிடம் சாவியைக் கொடுப்பாள் என்று கணக்குப் போட்டேன். அநியாயமான கணக்கு. லஸ்ஸில் மெட்ரோக்காரர்கள் தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் பூனை மாதிரி வண்டியைக் கொண்டு போனாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினாள். அடிவயிறு ஒரு தடவைகூட உரசவில்லை. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் எங்களைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா நைனா, இதுவும் மஞ்சளா கீது. மீட்டர் போடுவீங்களா?"

"ஒரு ஆளைத்தான் ஏத்துவோம். அதுவும் புடிச்சாத்தான்," என்றாள் மாமி.

செங்கல்பட்டு தாண்டியதும் ஓரமாக நிறுத்தி ஒரு பொத்தானை அமுக்கினாள். கூரை மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் காலை அழுத்தினாள் பாருங்கள், என் முதுகு சீட்டுக்குள் புதைந்தது. காற்று வாய்க்குள் புகுந்து கன்னத்தை உப்ப வைத்தது. கியரை அவள் மாற்றிய அழகைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. லாரிகள் பின்னால் போயின, புளிய மரங்கள் பின்னால் போயின, என்னுடைய பதினைந்து வருஷ சர்வீசும் பின்னால் போனது. என் வலது கால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது.

மாமி அதைப் பார்த்துவிட்டாள். "அங்க பிரேக் கிடையாது சேட்டு. நான் நாப்பது வருஷம் தேடியிருக்கேன்."

"நாப்பது வருசமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்தேன். ஆத்துல எப்பவும் கார் இருந்துது. முதல்ல அவர் ஓட்டினார், அப்புறம் பிள்ளை ஓட்டினான். நான் இடது பக்கம் உக்காந்துண்டு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன். ஆபீசுக்கு மட்டும் மொபெட், பஸ்ஸுக்குப் பின்னாடி புகையைக் குடிச்சுண்டு."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் பாவம் எனக்குப் பெரிது. "ஒரு அஞ்சு கிலோமீட்டர் குடுங்க மாமி," என்று கேட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்," என்றாள்.

மேல்மருவத்தூரில் எனக்கு ஸ்டீயரிங் கிடைத்தது. மெல்போர்னில் இருந்து ஸ்ரீவத்சன் வீடியோ காலில் வந்தான். மாமி சரேலென்று ஓரம் கட்டி, எழுந்து சுற்றி வந்து, என்னை வலது பக்கம் தள்ளிவிட்டு, தான் இடது பக்கம் உட்கார்ந்து, தலையைக் கோதிக்கொண்டு போனை எடுத்தாள். நான் அணைந்த வண்டியின் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டைக் கவனிப்பவன் போல உட்கார்ந்திருந்தேன். மாமனார் நினைப்பது சரிதான், நடிக்கத்தான் வந்திருக்கிறேன்.

"வண்டியை நிறுத்திட்டுத்தான் பேசறேளா? குட். சேஃப்டி முக்கியம்," என்றான் ஸ்ரீவத்சன்.

"அதான் சார் நம்பள்து கொள்கை," என்றேன். போன் வைத்ததும் மாமி என்னை மறுபடி இடது பக்கம் அனுப்பினாள். விழுப்புரத்தில் இன்னொரு தடவை இதே நாடகம். டோல்கேட்டில் நின்ற பையனுக்கு எங்களைப் பார்த்துச் சந்தேகமே வந்துவிட்டது.

பெரம்பலூருக்குப் பிறகு ரோடு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. மாமி பேச்சை நிறுத்தினாள். முகத்தில் இருந்த மேனேஜர், மாமி, அம்மா எல்லாரும் இறங்கிப் போய்விட, மிச்சம் இருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். முள் நூற்று நாற்பத்திரண்டைத் தொட்டது. எனக்கு பயமாக இருந்தது, பொறாமையாக இருந்தது, கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினேன். மாமியும் கத்தினாள்.

கொள்ளிடத்துக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். தூரத்தில் தென்னைகளுக்கு மேல் ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிந்தது. மாமி ஷூவைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்ப ஷூவை மாட்டிக்கொண்டாள்.

"ஆச்சு. திரும்பலாம்."

"மாமி, கோயிலுக்குள்ள போவலியா?"

"பெருமாள் படுத்துண்டுதானே இருக்கார், எங்க போயிடப் போறார்? ரோடு இப்பதான் காலியா இருக்கு. ஆத்துல ஏதாவது காரணம் சொல்லணுமேன்னு அவர் பேரைச் சொன்னேன். கோச்சுக்க மாட்டார்." டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "நீயும் காலம்பரலேர்ந்து கெஞ்சிண்டு வரே. இங்கேர்ந்து திண்டிவனம் வரைக்கும் நீ ஓட்டு. திண்டிவனத்துலேர்ந்து எங்காத்து வாசல் வரைக்கும் நான். நடுவுல தூங்கிட்டேன்னா திண்டிவனத்துல எழுப்பிடு."

நான் அந்த டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மாமி போன் இல்லை, என் போன். ஸ்ரீவத்சன்.

"நூத்தி நாப்பத்திரண்டு. வண்டியிலேர்ந்து எனக்கு மெசேஜ் வந்துருக்கு. யார் ஓட்டினது?"

மாமி டீ கிளாசை வாயருகே வைத்தபடி அப்படியே நின்றாள். உண்மையைச் சொன்னால் வண்டியை விற்கவைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான் என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"நான்தான் சார். ரோடு காலியா கீதேன்னு கால் கொஞ்சம் அழுத்திடுச்சி."

அவன் ஐந்து நிமிஷம் திட்டினான். ஏஜென்சியில் சொல்லுவேன் என்றான். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். கடைசியாகச் சொன்னான் பாருங்கள்: "இனிமே நீங்க ஸ்டீயரிங்கைத் தொடவேண்டாம். திரும்பறச்சே அம்மாவே ஓட்டட்டும். அவ அறுபதுக்கு மேல போகமாட்டா. நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்கோ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமிக்கோ லாட்டரி. அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளை ஒருவன் முதல் தடவையாக அவளை ஓட்டச் சொல்கிறான். வாயை மூடிக்கொண்டு சாவியை எடுத்திருந்தால் போதும். அவள் கிளாசை வைத்துவிட்டு என் போனை வாங்கினாள்.

"வத்சா, ஓட்டினது நான்."

"அம்மா, அந்த ஆளைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாதே."

"பொய் இல்லடா. காலம்பரலேர்ந்து நான்தான் ஓட்டறேன்."

ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. அவன் சிரித்தான். கோபமாகக்கூட இல்லை, ரொம்பச் செல்லமாகச் சிரித்தான். "நூத்தி நாப்பத்திரண்டும்மா. நீ. சரி, சரி, வெயில்ல நிக்காம கிளம்பு."

மாமியின் முகம் சிறுத்துப் போனது. திட்டு வாங்கியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. எனக்குப் பொறுக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"வீடியோ கால் போடுங்க மாமி. நான் போனப் புடிச்சிக்கிறேன், நீங்க ஓட்டிக் காட்டுங்க. பாத்துட்டு நம்பட்டும்."

சொன்ன மறு நொடியே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கைக்கு வந்த வண்டியை நானே தூக்கிக் கொடுக்கிறேன். மாமி ரோட்டைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"எதுக்கு? அவன் நம்பறதுக்காகவா இந்த வண்டியை வாங்கினேன்?" என்றாள். இரண்டு போனையும் அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள். சாவியை என் மடியில் எறிந்தாள். "திண்டிவனம் வரைக்கும் நீ. கிளம்பு."

அந்த ஓட்டத்தைப் பற்றி நான் அடக்கமாகச் சொல்ல மாட்டேன். அந்த வண்டி, நான் நினைப்பதற்கு முன்னாலேயே போனது. வளைவில் திருப்பினால் ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. தொடையில், வயிற்றில், பல்லில் எஞ்சின் உறுமியது. யார் வீட்டு வண்டி, யார் கட்டும் காசு, எட்டாவது மாடியில் லிப்ட் ஓடுகிறதா, எதுவும் ஞாபகம் இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். வேறு வார்த்தை போட்டு அதை அலங்கரிக்கத் தேவையில்லை.

மாமி முதலில் தரையில் பிரேக் தேடினாள். பெரம்பலூரில் தேடுவதை நிறுத்தினாள். உளுந்தூர்ப்பேட்டையில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டாள். அவ்வளவு வேகத்தில், இடது சீட்டில், நாற்பது வருஷம் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்து பழகியவள் அப்படித் தூங்கினால், டிரைவருக்கு அதைவிடப் பெரிய மெடல் எவனும் குத்த முடியாது.

திண்டிவனம் வந்தது. போர்டைப் பார்த்தேன். எழுப்பவேண்டும் என்று தெரியும். அவள் எனக்காக மகனிடம் உண்மையைச் சொன்னவள் என்பதும் தெரியும். பாவம், அசந்து தூங்குகிறாள், எழுப்பினால் பாவம் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பட்டமான புளுகு. திண்டிவனம் பின்னால் போனது. மேல்மருவத்தூரும் போனது. செங்கல்பட்டில் மனசாட்சி கொஞ்சம் முனகியது, ஆக்சிலேட்டரை மிதித்ததும் அடங்கிவிட்டது.

நந்தனம் சிக்னலில் மாமி விழித்தாள். முன்னால் சிவப்பு விளக்கு, பக்கத்தில் மாநகரப் பேருந்து, நாலா பக்கமும் ஹாரன். வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். எதிரில் அவள் முப்பது வருஷம் மொபெட்டில் வந்து போன ரோடு.

"திண்டிவனம் எங்க?"

"பின்னாடி கீது மாமி."

"எவ்ளோ பின்னாடி?"

"ரெண்டு மணி நேரம்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். இறங்கு என்பாள், இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்பாள். மாமி கத்தவில்லை. சீட்டை நிமிர்த்திக்கொண்டாள்.

"வண்டியைத் திருப்பு."

"இன்னாது?"

"திண்டிவனம் வரைக்கும் உன் பங்கு. அங்கேர்ந்து எங்காத்து வாசல் வரைக்கும் என் பங்கு. பேசினா பேசினதுதான். என் பங்கை நான் விடமாட்டேன். திருப்பு."

"மாமாவுக்கு சாப்பாடு?"

"மாவு அரைச்சு வெச்சிருக்கேன். தோசை வாத்துண்டு சாப்பிடட்டும்."

விளக்கு பச்சையானது. மந்தைவெளிக்கு வலது பக்கம் திரும்பவேண்டிய நான் வந்த வழிக்கே அரை வட்டமாகத் திருப்பினேன். பேருந்து ஓட்டுநர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். சைதாப்பேட்டை வந்தது, கிண்டி வந்தது, தாம்பரம் வந்தது. மாமி தூங்கவில்லை. சீட்டில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கொட்டக் கொட்ட விழித்தபடி, திண்டிவனம் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.