குறைவாய்க் குடிக்கிற கார்

அருந்ததி வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிப்பவள். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் மாடிக் கட்டடம். கீழே வகுப்பு, நாலாம் மாடியில் வீடு. ஒரு பொருள் மலிந்தால் சனம் அதைக் கூடுதலாகப் பாவிக்கும் என்று வருடா வருடம் பலகையில் கோடு கீறி விளங்கப்படுத்துகிறவளுக்கு, புருஷன் ராகுலன் ஹைபிரிட் கார் வாங்கியபோது அது நினைவுக்கு வரவேயில்லை.

பழைய கார் பெற்றோலைத் தண்ணீராய்க் குடிக்கும். அதனால் பெரும்பாலும் கீழே தூசி பிடித்துக் கிடந்தது. பம்பலப்பிட்டியில் தான் வேலை செய்யும் காப்புறுதிக் கந்தோருக்கு ராகுலன் பஸ்ஸில் போவான். பின்னேரம் வந்ததும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இருவரும் கடற்கரையோரம் நடப்பார்கள்.

"இது பெற்றோலை மணந்து பார்த்திட்டே ஓடும், அருந்ததி" என்றான், புதுக் கார் வந்த அன்று. "செலவு பாதிக்குப் பாதி குறையும்."

கந்தோருக்குக் காரிலேயே போகத் தொடங்கினான். மயிர் வெட்டவும் காரில்தான் போனான். சந்தை கால்நடைத் தூரத்தில் இருக்க, ஞாயிறுகளில் மீன் வாங்க நகரத்துக்கு அந்தப் பக்கம் பேலியகொடை வரைக்கும் போய்வந்தான். கேட்டால், "இந்தக் காருக்கு அது ஒரு தூரமே?" என்பான். நாளடைவில் பின்னேரங்களிலும் பிந்தி வந்தான். அவன் வரும்போது அடுத்த வகுப்பு தொடங்கியிருக்கும்.

சனிக்கிழமைகளில் பெற்றோல் செட்டுக்கு இருவரும் சேர்ந்துதான் போவார்கள். பழைய காருக்கு அடித்த அளவே இதற்கும் ஏறுவதை அவள் பார்த்தாள். கந்தோர், சலூன், மீன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தும் கணக்கு ஒத்துவரவில்லை. மிச்சப் பெற்றோல் எங்கே எரிகிறது?

ஒரு சனிக்கிழமை முன் சீற்றில் ஏறி இருந்தபோது அவளுடைய காலுக்கு முன்னால் நிறைய இடம் கிடந்தது. யாரோ உயரமான ஆளுக்காகச் சீற்றைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள்.

"இதில ஆர் இருந்தது?"

"ஓ, அது யதுஷா. எங்கட கந்தோரில புதுசா வந்த பிள்ளை. கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில இடிபட்டுப் போறா, பாவம். அதான் விட்டிட்டு வாறனான்."

"கொட்டாஞ்சேனை அங்கால பக்கமெல்லோ. நீங்கள் வாறது இங்கால."

"இந்தக் காருக்கு..." என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

அதற்குப் பிறகு அருந்ததிக்கு நிம்மதி இல்லை. பாடம் நடத்தும்போதே மனம் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடும். இப்போது கோட்டையைத் தாண்டியிருப்பார்கள். இப்போது அந்தப் பிள்ளை ஏதோ சொல்ல, இவன் சிரித்திருப்பான். பழைய கார் இருந்திருந்தால் இந்த இரக்கம் இவனுக்கு வந்திருக்குமா என்று திரும்பத் திரும்ப நினைத்தாள்.

புதன்கிழமை வகுப்பை நிற்பாட்டிவிட்டு, கந்தோர் விடுகிற நேரத்துக்குப் பஸ் பிடித்துப் போய் வாசல் படலையடியில் நின்றாள். ராகுலன் வெளியே வந்தான். பக்கத்தில் உயரமாய் மெலிந்த ஒரு பெண்.

"நானும் வாறன்" என்று சொல்லி அருந்ததி முன் சீற்றில் ஏறிக்கொண்டாள். யதுஷா பின்னால் ஏறினாள்.

கொஞ்சத் தூரம் போனதும் ராகுலனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கூரையில் விழுந்த பலாப்பழத்துக்கு நட்டஈடு கேட்டு வந்த மனிதர், சாட்சிக்கு அந்தப் பழத்தையே கந்தோருக்குத் தூக்கிவந்த கதையை அவருடைய குரலிலேயே சொன்னான். பின்னால் யதுஷா சிரித்தாள். அருந்ததிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இந்தக் கதை வீட்டுக்கு வரவேயில்லை.

கொட்டாஞ்சேனைப் பேக்கரியொன்றில் பாண் வாங்க ராகுலன் இறங்கினான். யதுஷா முன்னுக்குச் சாய்ந்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. பஸ்ஸிலயே போறனெண்டு எத்தினையோ தரம் சொல்லிப்போட்டன். அண்ணா கேக்கிறாரில்ல. புதுக் கார் ஓடுற ஆசை போல. எங்கட வீட்டிலயும் ஒரு மாதிரிக் கேக்கினம். நீங்களே சொல்லிவிடுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்றாள் அருந்ததி. சுமை இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை.

திரும்பும்போது புறக்கோட்டையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. எஞ்சின் தானாக அடங்கியது.

"அந்தப் பிள்ளை இனி வரமாட்டா. என்னட்டச் சொன்னவ."

"நான் பிழையா ஒண்டும் நினைக்கேல்ல, அருந்ததி."

"தெரியும். நினைச்சிருந்தா எனக்கு முன்னால பலாப்பழக் கதை சொல்லியிருக்க மாட்டியள்."

"அப்ப ஏன் கோவம்?"

"அந்தக் கதையை வீட்டில எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நான் வரேக்க உம்மட வகுப்புப் பிள்ளையள் வந்து குந்தியிருக்குதுகள். ஆருக்குச் சொல்ல?"

பிந்தி வருவது நீங்கள்தானே என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கப் பிடிக்கவில்லை.

அந்த மாதமே, கொட்டாஞ்சேனையில் ரியூசன் நிலையம் நடத்தும் யூஜினா தன்னிடமும் வந்து படிப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். தூரம் என்று மறுக்க வாயெடுத்த அருந்ததி, சாரதி அனுமதிப்பத்திரம் அலுமாரியில் சும்மா கிடப்பதை நினைத்து ஓம் என்றாள். இரண்டு வேலைகளுக்கும் ஒரே கார். அதனால் ராகுலன் ரயிலில் போகத் தொடங்கினான். அவள் காரில் போனாள். சனிக்கிழமை செட்டில் ஏறிய பெற்றோல் துளியும் குறையவில்லை. தானே ஓட்டி எரித்ததைப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாயிருந்தது. அடுத்த பாடத்தில், மிச்சம் பிடிக்கிற யந்திரம் எப்படி மேலும் செலவழிக்க வைக்கிறது என்பதற்குத் தன் காரையே உதாரணமாகச் சொன்னாள். யதுஷாவைச் சொல்லவில்லை.

ஒருநாள் பின்னேரம் ராகுலன் சிரித்துக்கொண்டே படியேறி வந்தான். "ரயிலில இண்டைக்கு நல்லதொரு கதை. ஒரு ஆள் சொன்னது..."

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

கேட்ட பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது.

"பாணந்துறைக்குப் போற ஒரு கிழவன்" என்றான் அவன்.

அவள் நம்பினாள். என்றாலும், கிழவன் எந்தப் பெட்டியில் ஏறினவர் என்று இன்னொரு கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.