மாப்பிள்ளை பஞ்சர்

சின்னச்சாமியின் சைக்கிள் மாமியார் வீட்டுச் சீராக வந்தது. ஆகவே அது பஞ்சரானால் மாமியார் வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவன் வைத்துக்கொண்டான்.

சீராக வந்த மாடு நொண்டினால் கொடுத்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது வழக்கம். மாட்டுக்கு உள்ளது சைக்கிளுக்கும் உண்டு என்றான். யாரும் மறுக்கவில்லை. அலங்காநல்லூரை ஒட்டிய அந்தச் சிற்றூருக்குச் சீரில் சைக்கிள் வந்தது அதுதான் முதல் தடவை. மறுப்பதற்கு முன்னுதாரணம் இல்லை.

மாமியார் சின்னத்தாய்க்கு ஊர் சமயநல்லூர். அவள் மகன் உக்கிரபாண்டி சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு பெட்டி, ஒரு பம்பு, ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்டினான். மதுரையில் ஒரு சைக்கிள் கடையில் இருந்து கற்ற தொழில். சீர் சைக்கிளும் அவன் பழைய சாமான்களைச் சேர்த்துப் பூட்டியதுதான். டயர் பல இடங்களில் தேய்ந்திருந்தது. கருவேல முள்ளுக்கு அந்த இடங்கள் தெரிந்திருந்தன.

முள் ஏறினால் சின்னச்சாமி குளிப்பான். வெளுத்த வேட்டி கட்டுவான். தலைக்கு எண்ணெய் தடவுவான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சமயநல்லூர் போவான். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் கோழி அடிக்காமல் அனுப்பும் வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. உக்கிரபாண்டி வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்தில் ஒட்டி முடிப்பான். குழம்பு கொதிக்கத்தான் நேரமாகும். மிச்சக் குழம்பு மறுநாள் காலையில் இன்னும் ருசி. ஆகவே சின்னச்சாமி மறுநாள்தான் திரும்புவான்.

ஊரில் ஒரு நாள் களத்துமேட்டில் பேச்சு வந்தது. கூட்டாளி கருத்தக்கண்ணன்தான் ஆரம்பித்தான்.

"ஏன் மாப்ள, ஒவ்வொரு தடவையும் அம்புட்டுத் தூரம் தள்ளிக்கிட்டுப் போற. நீயே ஒட்டப் படிச்சுக்கிட்டா என்ன?"

"வேட்டி கட்டுறவன் தறி போடணுமாக்கும்?" என்றான் சின்னச்சாமி.

"வேட்டி கிழிஞ்சா தச்சுக்கிடுறோம்ல?"

"நீ தைக்கிறியா? என் வேட்டிய என் பொண்டாட்டி தைக்கிறா."

"அப்ப அவளையே ஒட்டச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னச்சாமியும் சிரித்தான். புல்லுக்கட்டோடு அந்த வழியாகப் போன சோலையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மனைவி அவள்.

அந்த வாரம் சந்தையில் அவள் தாயைப் பார்த்தாள்.

"கோழியெல்லாம் எப்படி இருக்கு ஆத்தா?"

"நல்லா இருந்துச்சு" என்றாள் சின்னத்தாய்.

"கருப்புக் கோழி?"

"மாசி மாசப் பஞ்சர்."

"பொட்டுப் பொட்டா இருக்குமே, அது?"

"அது பங்குனி."

"அடையில கெடந்துச்சே ஒண்ணு?"

"போன வாரம்."

"அடைக்கோழியவுமா அறுத்த?"

"பின்ன? வந்த மாப்ளைக்கு முட்டையவா காட்டச் சொல்ற?"

"இப்ப என்னதான் மிச்சம்?"

"சேவல்."

அந்தச் சேவல் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது. உக்கிரபாண்டிக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், 'காத்தடிக்கிறவனுக்கா பொண்ணு?' என்று கேட்டார்கள். அதனால் சின்னத்தாய் வேண்டிக்கொண்டாள். கல்யாணம் நிச்சயமாகும் அன்று சேவல் கருப்பனுக்கு. அதற்கு முன் அதன் மேல் கத்தி படக் கூடாது.

"அடுத்த பஞ்சருக்கு என்ன செய்வ ஆத்தா?"

"அதத்தான் நானும் ரோசிக்கிறேன். அந்தப் பக்கம் கருப்பு, இந்தப் பக்கம் மாப்ள. ரெண்டு பேருமே கோவக்காரங்க."

"கோழி இல்லைன்னு சொல்லிரு."

"மாப்ளைகிட்டயா?"

"நான் சொல்றேன்."

"சொல்லேன். பொறந்த வீட்டுல ஒரு கோழிக்கு வக்கில்லைன்னு புருசன்கிட்ட நீயே சொல்லிக்க. அப்புறம் அவரு வாயில ஆயுசுக்கும் அதான்."

அதைச் சொல்ல முடியாது என்று சோலையம்மாளுக்கும் தெரியும். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. தாயோடு சமயநல்லூர் போனாள். நேராகப் புளியமரத்தடிக்கு.

"தம்பி, ஒட்டுற வேலைய எனக்குச் சொல்லிக் குடு."

உக்கிரபாண்டி பம்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"வேணாங்க்கா. நீ படிச்சா உன் ஊர்ல அம்புட்டுப் பேரும் படிப்பாங்க. சைக்கிள் வச்சிருக்கவன்லாம் தானே ஒட்டிக்கிட்டா, நான் புளியமரத்துக்கா காத்தடிக்க?"

"மச்சான் உனக்குக் கூலி குடுக்குறாரா?"

"இல்ல."

"பெறகென்ன? அவரு வராட்டி உனக்கு என்ன நட்டம்?"

அவன் யோசித்துப் பார்த்தான். நட்டம் கோழிக்குழம்பு ஒன்றுதான். அதை அக்காளிடம் சொல்லக் கூச்சப்பட்டான். பெட்டியைத் திறந்தான்.

சோலையம்மாள் கந்தலுக்கு ஒட்டுப்போட்டே வளர்ந்தவள். ரப்பரையும் ஒரு கந்தல் என்று நினைத்துக்கொண்டாள். டியூபைத் தண்ணீரில் அழுத்தினால் குமிழி வரும் இடம் ஓட்டை. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, காயவிட்டு, துண்டு ரப்பரை வைத்து அமுக்க வேண்டும். காய்வதற்குள் அவசரப்பட்டால் ஒட்டாது. "அவசரப்படாத ஆளுக்குத்தான்க்கா இந்த வேலை" என்றான் உக்கிரபாண்டி. ஒரு சொலூஷன் குழாயும் பழைய டியூபில் கொஞ்சமும் முந்தானையில் முடிந்து, ஒரு பழைய கைப்பம்பும் கொடுத்தான்.

முள் அதிக நாள் காக்கவைக்கவில்லை. சின்னச்சாமி குளித்துவிட்டு வந்தபோது சைக்கிள் வாசலில் தலைகீழாக நின்றது. சோலையம்மாள் இரண்டு கரண்டிக் காம்புகளைக் கொடுத்து டயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, என்ன செய்ற?"

"பஞ்சர் ஒட்டுறேன்."

"அது மாப்ள உக்கிரபாண்டி ஒட்டுற சைக்கிளு!"

"உங்க மாப்ளதான் சொல்லிக் குடுத்தான்."

மாட்டுத் தொட்டியில் டியூபை அழுத்தினாள். குமிழி வந்தது. மாடு வந்து பார்த்தது. பிறகு ஊர் வந்து பார்த்தது.

"மாப்ள, தையல் நடக்குது போல" என்றான் கருத்தக்கண்ணன்.

சின்னச்சாமி வெளுத்த வேட்டியோடு சுவரில் சாய்ந்து நின்றான். வீட்டில் ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பவன் போல இருந்தான். அவள் காற்றை மட்டும் அவனை அடிக்கச் சொன்னாள். அடித்தான். டயர் கல்லாக நின்றது.

"இனிமே நீங்க தள்ளிக்கிட்டு அலைய வேண்டியதில்ல" என்றாள்.

அவன் டயரை அமுக்கிப் பார்த்தான். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். அவன் முகம் மெல்லத் தெளிந்தது.

"நல்லாத்தான் ஒட்டியிருக்க. மாப்ளைகிட்டக் காட்டிட்டு வாரேன்."

"என்னத்த?"

"இந்த ஒட்டைத்தான். கொற இருந்தா சொல்லுவான்ல?"

ஏறி உட்கார்ந்துவிட்டான். தள்ளிக்கொண்டு போகிற சைக்கிளைவிட ஓட்டிக்கொண்டு போகிற சைக்கிள் சமயநல்லூருக்குச் சீக்கிரம் போகும். சோலையம்மாள் அதை நினைத்துப் பார்க்கவில்லை. பாய்ந்து கேரியரைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் வாயைத் திறந்தாள்.

"போறதுதான் போறீக. சேவல் சங்கதி தெரியும்ல?"

"என்ன சேவல்?"

"கருப்புக்கு நேந்தது. இந்த ஒசரம் நிக்கிது. தம்பிக்குப் பொண்ணு நிச்சயமாகுற அன்னைக்குத்தான் அறுப்பாம். மூத்த மாப்ளைக்குத்தான் மொதப் பங்குன்னு ஆத்தா சொல்லிருச்சு."

அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றினான்.

"என்னைக்கு நிச்சயம்?"

"பொண்ணு கெடைக்கணுமே."

"யாரு பாக்குறா?"

"யாரு இருக்கா? அப்பன் இல்லாத வீடு. மூத்த மாப்ள நீங்க ஒருத்தருதான்."

சின்னச்சாமி இறங்கினான். "அட கூறுகெட்டவளே, இத ஏன் முன்னமே சொல்லல?" என்றான்.

மறுநாளே பெண் தேடப் புறப்பட்டான். சோலையம்மாள் ஒட்டுச் சாமான்களைத் துணியில் முடிந்து, கைப்பம்போடு கேரியரில் கட்டிவிட்டாள். அவன் அதைப் பார்க்காதவன் போல இருந்தான்.

முதல் முள் மேற்கே ஒரு பொட்டலில் ஏறியது. அவன் சைக்கிளைப் படுக்கவைத்துவிட்டு நாலு திசையிலும் பார்த்தான். எந்தத் திசையிலும் மாமியார் வீடு இல்லை. வெகுநேரம் கழித்துத் துணி முடிச்சை அவிழ்த்தான். முதல் ஒட்டு அடுத்த ஊருக்குள் நுழையும்போது பிய்ந்தது. அடுத்தது நின்றது. அதற்குப் பிறகு அவன் முள்ளைத் திட்டுவதை விட்டுவிட்டான். உட்காருவான், ஒட்டுவான், போவான். பெண் கேட்ட இடங்களில் எல்லாரும் பழையதையே சொன்னார்கள். காற்றடிக்கிறவனுக்கா?

திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு பருத்திக்காட்டு ஊரில் மறுபடி காற்று இறங்கியது. பக்கத்து வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டான். ஒரு பெண் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வீட்டுக்காரர் விருமாண்டி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்னச்சாமி ஒட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தான். அவள் அவர் மகள், பெயர் ஜெயக்கொடி. இன்னும் எங்கும் சம்பந்தம் பேசவில்லை. பங்காளி முறை வரவில்லை, கட்டிக்கொடுக்கும் முறைதான். எல்லாம் கேட்டுக்கொண்டு, வந்த காரியத்தையும் சொன்னான்.

"அதுக்கென்ன, பேசுவோம்" என்றார் விருமாண்டி. "வீட்டுல கோழி அடிச்சிருக்கு. மொத ரெண்டு வாய் சாப்பிடுங்க தம்பி."

வாசனை ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. அம்மியில் அரைத்த மிளகு. சின்னச்சாமி எச்சிலை விழுங்கினான். பெண் கேட்டுப் போன வீட்டில், பேச்சு முடியும் முன் கை நனைப்பதில்லை.

"மன்னிக்கணும்ண்ணே. பொண்ணு கேட்டு வந்த எடம்" என்றான். வாழ்க்கையில் அவன் வேண்டாம் என்ற முதல் கோழி அது.

"அதுவும் சரிதான். பையன் என்ன செய்றாரு?"

"பஞ்சர் ஒட்டுறாருண்ணே. சமயநல்லூர் மெயின் ரோட்டுல."

"நீங்க?"

"வெவசாயம்."

விருமாண்டி சின்னச்சாமியின் கையைப் பார்த்தார். ஒட்டு அப்போதுதான் பிடித்திருந்தது.

"வெவசாயி நீங்களே இம்புட்டு அழகா ஒட்டுறீங்க. பெறகு அவருகிட்ட எவன் வருவான்?"

சின்னச்சாமியும் தன் கையைப் பார்த்தான். அவன் போட்ட ஒட்டுகளிலேயே அதுதான் நல்ல ஒட்டு. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, முக்கிப் பிய்த்தான்.

"இதெல்லாம் ஒரு ஒட்டாண்ணே? நிக்காது. இதுக்குன்னு தொழில் படிச்சவன் கை படணும்."

"நின்னுச்சேப்பா. நான் பாத்தேனே" என்றாள் ஜெயக்கொடி.

"தங்கச்சி, அது வெளியில பாக்க நிக்கிற மாதிரி இருக்கும்."

"பிய்க்க மாட்டாம முக்கினீகளே?"

சின்னச்சாமிக்கு வேர்த்தது. "அண்ணே, வண்டியப் பூட்டுங்க. சைக்கிளத் தூக்கி வண்டியில போடுவோம். ஆளையும் பாருங்க, தொழிலையும் பாருங்க" என்றான்.

மறுநாள் முற்பகலில் வண்டி புளியமரத்தடியில் நின்றது. உக்கிரபாண்டி வேலையில் இருந்தான். பக்கத்தில் கோட்டும் அங்கவஸ்திரமுமாக ஒருவர் காத்திருந்தார். மதுரையில் குமாஸ்தா வேலை பார்க்கும் பஞ்சாபகேசன். சோழவந்தானில் தங்கை வீட்டுக்குப் போகிற வழியில் காற்று இறங்கிவிட்டது.

விருமாண்டி அவரிடமே போனார்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா? இத நீங்களே ஒட்டப் படிச்சுக்கிட்டா நல்லதில்லையா?"

"படிச்சேனே!" என்றார் பஞ்சாபகேசன். "படிச்சு, நானே ஒட்டினேன். அதனாலேதான் இங்கே நிக்கறேன்."

"புரியலையே?"

"முன்னே இவனுக்கு ஓட்டையை அடைக்கிற ஒரு வேலைதான். இப்போ நான் ஒட்டினதை முதல்லே உரிக்கணும், அப்புறம் ஒட்டணும். ரெண்டு வேலை. என் ஆபீஸிலே இன்னும் நாலு பேர் படிச்சுண்டிருக்கா. எல்லாரும் இங்கேதான் வருவா, பாருங்கோ."

விருமாண்டி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு யோசித்தார். ஊரெல்லாம் ஒட்டப் படித்தால் இவனுக்கு வேலை இரட்டிக்கும். கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது. உக்கிரபாண்டி சின்னச்சாமியின் டியூபை எடுத்து, சொலூஷன் தடவி, காயும்வரை அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். பெண் கொடுக்க வந்தவர் பக்கத்தில் நிற்கும்போதும் அவசரப்படவில்லை. விருமாண்டி அதையும் பார்த்தார்.

"வீடு எங்க இருக்கு? கை நனைச்சுட்டே போறேன்" என்றார்.

அலங்காநல்லூருக்கு ஆள் போயிற்று. சோலையம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்துவிட்டார்கள். சேவல் கூடைக்கடியில் உயிரோடு இருந்தது. அவள் கூடையைத் தூக்கிப் பார்த்து மூச்சு விட்டாள். தாயும் மகளும் அதைக் கருப்பன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கருப்பனுக்கு வரவேண்டியது முழுதாக, ஒரு இறகு குறையாமல் வந்து சேர்ந்தது.

அதன் பிறகுதான் குழம்பு.

சின்னச்சாமி முதல் இலையில் உட்கார்ந்தான். சின்னத்தாய் சட்டியோடு வந்தாள். அவனைத் தாண்டிப் போய்ப் புதுச் சம்பந்தியின் இலையில் ஒரு தொடையை வைத்தாள். விருமாண்டி போதும் என்று சொல்லவில்லை. இன்னொன்றையும் வைத்தாள். திரும்பி வரும்போது சட்டியில் இருந்ததை மாப்பிள்ளைக்கு வைத்தாள்.

அவன் இலையைப் பார்த்தான். கழுத்து.

"என்ன மாப்ள, கண்ணு கலங்குது?" என்றாள் சின்னத்தாய்.

"காரம் அத்தை" என்றான் சின்னச்சாமி. இன்னும் அவன் வாயில் எதையும் வைக்கவில்லை.